காசு கொடுத்த காலமும் அட்டை தொடும் காலமும்

(தோட்ட மண்டபமொன்றில் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விடியுமுன் எழுந்து பிரட்டுக்கு நின்று, பால்மரம் சீவி, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, களைப்பையும் பொருட்படுத்தாது இங்கே கூடியிருக்கிறீர்கள். உங்கள் நேரம் வீணாகாத வகையில் ஒரு செய்தியைக் கூற விரும்புகிறேன். நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கோலாலம்பூர் நகரப் பேருந்துப் பயணம்.

"தோட்டத்தில் வாழும் நமக்கும் நகரப் பேருந்துக்கும் என்ன தொடர்பு?" எனச் சிலர் எண்ணலாம். உங்களில் பலருடைய பிள்ளைகள் இன்று நகரத்தில் தொழில் புரிகின்றனர். பெரிய மருத்துவமனைகளும் அங்கேதான் உள்ளன. ஆகவே, என்றேனும் ஒரு நாள் நாமும் அந்தப் பேருந்தில் ஏறத்தான் வேண்டியிருக்கிறது.

முற்காலத்தில் அப்பயணம் எவ்வாறிருந்தது என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். ஸ்ரீ ஜெயா, லென் செங், ஃபோ ஹப் முதலிய நிறுவனங்களின் பேருந்துகளை அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1975ஆம் ஆண்டு மினி பஸ்கள் ஓடத் தொடங்கின. எவ்வளவு தொலைவு சென்றாலும் ஒரே கட்டணம். 1990களில் நான் சிறுவனாக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறியபோது அது 60 காசு. அந்த இளஞ்சிவப்பு வண்டிகளில் நெரிசல் மிகுதி, வேகமோ அச்சமூட்டும். நிற்க இடமில்லாதபோதும், "உள்ளே போங்கள், உள்ளே போங்கள்" என்று கண்டக்டர் நெருக்கிக்கொண்டே இருப்பார்.

அதனைப் பொற்காலமென்று நான் போற்றமாட்டேன். எனினும், அதில் ஒரு நன்மை இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கண்டக்டரிடம் காசை நீட்டி, "சௌகிட்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். இடம் வந்ததும் அவரே இறக்கிவிடுவார். வழியறியாத குறையை அந்த ஒரு மனிதர் நிறைவு செய்தார்.

1998ஆம் ஆண்டு மினி பஸ்கள் நிறுத்தப்பட்டன. 2004ஆம் ஆண்டு ரெப்பிட் கேஎல் நிறுவனம் அமைக்கப்பட்டது. குளிர்சாதன வசதியுடைய பெரிய பேருந்துகள் பெருகின. 2017ஆம் ஆண்டு சுங்கை பூலோவிலிருந்து காஜாங் வரை எம்ஆர்டி இரயில் முழுமையாக ஓடத் தொடங்கியபோது, நிலையங்களுக்கு மக்களைக் கொண்டுசேர்க்கும் இணைப்புப் பேருந்துகளும் ஓடின. முதியோர் எளிதில் ஏறத் தாழ்ந்த தளம், சக்கர நாற்காலிக்கு இடம் ஆகியவை வந்தன. இவை உண்மையான முன்னேற்றங்கள். ஆனால், கண்டக்டர் மறைந்துவிட்டார். ஓட்டுநர் ஒருவரே இருக்கிறார். ரெப்பிட் கேஎல் பேருந்துகளில் ரொக்கப் பணமும் வாங்கப்படுவதில்லை.

இந்த மாற்றம் என் வீட்டிலேயே ஒரு பாடத்தைப் புகட்டியது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மரம் சீவிய என் பெரியம்மா, சில ஆண்டுகளுக்கு முன்னர் இருதயச் சோதனைக்காக நகரத்திற்கு வந்தார். கைக்குட்டையில் வெள்ளியை முடிந்துகொண்டு தனியே பேருந்தில் ஏறினார். ஓட்டுநர் தலையசைத்து, அட்டை தொடும் கருவியைக் காட்டினார். பெரியம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் நின்றவர்கள் அவசரப்பட்டனர். வெட்கத்துடன் இறங்கி, வெயிலில் நடந்தார். மருத்துவமனையை அடைந்தபோது அவருக்குரிய நேரம் கடந்துவிட்டது. மறு தவணை மூன்று மாதங்களுக்குப் பின்னரே கிடைத்தது.

"ஏன் பெரியம்மா எனக்குச் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "காசு இருந்தும் ஏற்றவில்லை என்பதை எப்படியப்பா சொல்வது?" என்றார். ஊருக்கெல்லாம் தகவல் சொல்வதைத் தொழிலாகக் கொண்ட நான், என் வீட்டுப் பெரியவருக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டேன். தவறு அவருடையதன்று; என்னுடையது.

ஆகவே, அன்பர்களே, சில செய்திகளை மனத்திற் கொள்ளுங்கள். முதலாவது, டச் என் கோ அட்டை. இதனை இரயில் நிலையங்களிலும் பல எண்ணெய் நிலையங்களிலும் வாங்கலாம், பணமும் நிரப்பலாம். ஆளுக்கோர் அட்டை வேண்டும். முன்வாசலில் ஏறும்போது கருவியில் அட்டையைத் தொடவேண்டும். இறங்கும்போதும் மறவாமல் தொடவேண்டும்.

இரண்டாவது, பேருந்தின் எண். ஊர்ப்பெயரைக் கூவி அழைப்பவர் இன்று இல்லை. எண்ணையும் இறங்கும் இடத்தையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எண்ணுக்கு முன் ஆங்கில 'டி' எழுத்து இருந்தால், அது இரயில் நிலையத்திற்கான இணைப்புப் பேருந்து. உங்கள் பேருந்து வரும்போது கையை நீட்டி நிறுத்துங்கள். இறங்குவதற்கு முன் மணியை அழுத்துங்கள்.

மூன்றாவது, சலுகைகள். 60 வயதை எட்டிய குடிமக்கள் முன்னதாகவே விண்ணப்பித்துப் பாதிக் கட்டணச் சலுகையைப் பெறலாம். நகரத்தில் நாள்தோறும் வேலைக்குச் செல்லும் உங்கள் பிள்ளைகளுக்கு 50 வெள்ளி மாதப் பயண அட்டை உண்டு. ரெப்பிட் கேஎல் பேருந்திலும் இரயிலிலும் அதனைப் பயன்படுத்தலாம்.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். கைப்பேசியில் பேருந்து வரும் நேரத்தைப் பார்க்க உங்களுக்குத் தெரியும். உங்கள் பாட்டிக்குத் தெரியாது. அட்டையை வாங்கிக் கொடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். முதல் முறை உடன் சென்று காட்டுங்கள். பேருந்தில் யாரேனும் ஒரு முதியவர் கருவியின் முன் திகைத்து நின்றால், அவசரப்படுத்தாமல் உதவுங்கள். லயத்தில் ஒரு வீட்டாருக்குத் துன்பம் வந்தால் பக்கத்து வீட்டார் ஓடி வருவது நம் வழக்கம். அதனை நகரத்திற்கும் கொண்டுசெல்லுங்கள். கண்டக்டர் செய்த வேலையை இனி நாம்தாம் ஒருவருக்கொருவர் செய்யவேண்டும்.

என் பெரியம்மாவுடன் நான் ஒரு முறை சென்றேன். இப்பொழுது அவர் தனியாகவே மருத்துவமனைக்குச் சென்று வருகிறார். அட்டையை அதே கைக்குட்டையில்தான் முடிந்து வைத்திருக்கிறார்.