பாக்கெட்டுக்குள் இருக்கும் வேதியியல்



ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவும் மருந்துக் கடையில் சொற்ப விலைக்கும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அநேகமாக எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் பின்பக்கம் பொடி எழுத்தில் நான்கு பெயர்கள் அச்சாகியிருக்கும். சோடியம் குளோரைடு, அதாவது சமையல் உப்பு, 2.6 கிராம். பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம். ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். குளுக்கோஸ் 13.5 கிராம். எல்லாம் சேர்ந்து 20.5 கிராம். இதை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும்.

இதில் குளுக்கோஸ் எதற்கு? யாரைக் கேட்டாலும் ‘தெம்புக்கு’ என்பார்கள். பதின்மூன்றரை கிராம் குளுக்கோஸில் ஐம்பது கலோரி சொச்சம்தான் கிடைக்கும். இரண்டு மேரி பிஸ்கட் சாப்பிட்டாலே அந்தத் தெம்பு வந்துவிடும். அப்படியானால் வேறு காரணம் இருக்க வேண்டும். உயிருள்ள செல்லின் அடிப்படை வேதியியல் தெரிந்தால்தான் அந்தக் காரணம் பிடிபடும். அணு, அயனி, பிணைப்பு, சவ்வு என்று பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோனவை எல்லாம் இந்தப் பாக்கெட்டுக்குள் வேலை செய்கின்றன. இன்றைய பேச்சு அதைப் பற்றி.

முதலில் உப்பு. சோடியம் தனியாக இருந்தால் கத்தியால் வெட்டக்கூடிய மெத்தென்ற உலோகம். பள்ளி ஆய்வகத்தில் மண்ணெண்ணெயில் போட்டு வைத்திருப்பார்கள், தண்ணீர் பட்டால் வெடித்துத் தீப்பிடிக்கும் என்பதால். குளோரின் பச்சை கலந்த மஞ்சள் நிற வாயு. முதல் உலகப் போரில், 1915-ஆம் ஆண்டு, பெல்ஜியத்தின் ஈப்ரே களத்தில் ஜெர்மானியப் படை எதிரிகள்மீது திறந்துவிட்டது இதைத்தான். இந்த இரண்டும் சேர்ந்ததைத்தான் நாம் தினம் ரசத்தில் போடுகிறோம். சோடியம் அணுவுக்கு 11 எலக்ட்ரான்கள். கடைசி எலக்ட்ரான் வெளிச்சுற்றில் பிடிப்பில்லாமல் ஒற்றையாக நிற்கிறது. குளோரினுக்கோ வெளிச்சுற்று நிறைய ஒன்றே ஒன்று குறைகிறது. சோடியம் கொடுக்கிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது. கொடுத்தது நேர்மின்னூட்டம் பெறுகிறது, வாங்கியது எதிர்மின்னூட்டம் பெறுகிறது. இப்படி மின்னூட்டம் பெற்ற அணுவுக்கு அயனி என்று பெயர். ஒரு எலக்ட்ரான் கைமாறியதில் இரண்டின் மூர்க்கமும் அடங்கிப்போகிறது. உயிரணுவுக்குத் தெரிந்த சோடியம் இந்த அயனிதான். உலோகச் சோடியத்தை எந்த உயிரும் தொட்டதில்லை.

அடுத்தது தண்ணீர். ஓர் ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன் என்பது எல்லோருக்கும் தெரியும். அவை நேர்க்கோட்டில் இல்லாமல் 104.5 பாகைக் கோணத்தில் வளைந்து நிற்பது பலருக்குத் தெரியாது. தெரிய வேண்டியது அதுதான். ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் அதன் பக்கம் கொஞ்சம் எதிர்மின்னூட்டமும், ஹைட்ரஜன்களின் பக்கம் கொஞ்சம் நேர்மின்னூட்டமும் நிற்கின்றன. மூலக்கூறு நேராக இருந்திருந்தால் இந்த இழுப்பு இரு பக்கமும் சமமாகி, தண்ணீர் உப்பைக் கரைத்திருக்காது. வளைந்திருப்பதால் சோடியம் அயனியை ஆக்சிஜன் முகங்களும், குளோரைடு அயனியை ஹைட்ரஜன் முகங்களும் சூழ்ந்துகொள்கின்றன. உப்பு கரைகிறது.

குளுக்கோஸுக்கு மின்னூட்டம் கிடையாது. ஆனால் அதன் உடம்பெங்கும் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றோடு தண்ணீர் ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்ளும். அணுக்கள் எலக்ட்ரானைப் பங்குபோட்டு உருவாக்கும் சகப்பிணைப்போடு ஒப்பிட்டால் இது சோனிப் பிணைப்பு. தண்ணீரில் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு நீடிப்பது விநாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரம் அளவுக்குத்தான். இந்தச் சோனித்தனத்தைக் குறையாக நினைக்காதீர்கள். டி.என்.ஏ.-வின் இரண்டு இழைகளையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஹைட்ரஜன் பிணைப்புதான். செல் பிரியும்போது இழைகள் விலகிப் பிரதி எடுக்க முடிவது அந்தப் பிடி தளர்வாக இருப்பதால்தான்.

எண்ணெயின் கதை வேறு. மின்னூட்டமும் இல்லை, தண்ணீரோடு கைகோக்கும் இடமும் இல்லை. ஆகவே ஒதுங்கும். செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு இந்த ஒதுக்கத்தால் உருவானது. அதன் மூலக்கூறுகளுக்குத் தண்ணீரை விரும்பும் பாஸ்பேட் தலையும், தண்ணீரை விரும்பாத இரண்டு கொழுப்பு வால்களும் உண்டு. தண்ணீரில் போட்டால் தலைகள் வெளிப்பக்கமும் வால்கள் உள்ளடங்கியும் தாமாகவே இரட்டை அடுக்காக அணிவகுத்துக்கொள்ளும். யாரும் தைக்க வேண்டியதில்லை. கனம் ஏறத்தாழ 5 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு இரண்டு லட்சம் சவ்வுகளை அடுக்கலாம். இவ்வளவு மெல்லியதாக இருந்தும் நடுவில் எண்ணெய்ப் பசை இருப்பதால் தண்ணீர் போர்த்திய சோடியம் அயனி அதைத் தாண்டாது. குளுக்கோஸும் அப்படியே. உள்ளே போகவோ வெளியே வரவோ இரண்டுக்கும் புரதத்தால் ஆன வாசல் வேண்டும்.

அந்த வாசல்களில் ஒன்றை டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஜென்ஸ் ஸ்கௌ என்பவர் 1957-இல் அடையாளம் காட்டினார். அவர் ஆராய்ந்தது நண்டின் நரம்பை. அதற்காக நாற்பது ஆண்டு கழித்து, 1997-இல், நோபல் பரிசு வந்தது. அந்தப் புரதம் ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. இதற்கான செலவு ஒரு ஏ.டி.பி. மூலக்கூறு. ஏ.டி.பி.யில் மூன்று பாஸ்பேட்டுகள் வரிசையாக நெருக்கி நிற்கின்றன. மூன்றுமே எதிர்மின்னூட்டம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். கடைசியில் உள்ளதைத் தண்ணீர் சேர்த்துப் பிரித்துவிட்டால் ஆற்றல் வெளிப்படும். சும்மா படுத்திருக்கும்போது நம் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கு இந்தச் சோடியத்தைத் தள்ளும் வேலைக்கே போகிறது. தேவையில்லாத செலவாகத் தோன்றலாம். ஆனால் இந்தச் செலவால்தான் செல்லுக்கு வெளியே சோடியம் உள்ளே இருப்பதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் குவிந்து, எந்த வாசல் திறந்தாலும் நுழையத் தயாராக நிற்கிறது.

இனிச் சிறுகுடலுக்கு வருவோம். குடலின் உட்சுவர்ச் செல்களில் இன்னொரு புரத வாசல் இருக்கிறது. ஆள் நிறைந்தால்தான் கிளம்பும் ஷேர் ஆட்டோ மாதிரி அது. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் ஏறி உட்கார்ந்தால்தான் நகரும். சோடியம் மட்டும் ஏறினாலும் நகராது, குளுக்கோஸ் மட்டும் ஏறினாலும் நகராது. மூன்று இடமும் நிறைந்ததும், வெளியே குவிந்து நிற்கும் சோடியத்தின் வேகம் மூன்றையும் உள்ளே கொண்டுபோய்விடும். 1960 ஆகஸ்டில் பிராக் நகரில் நடந்த அறிவியல் கூட்டத்தில் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் இந்த யோசனையை முன்வைத்தார். சர்க்கரைக்காக வந்த யோசனை அது. பேதியைப் பற்றி அன்றைக்கு அவர் பேசவில்லை.

சோடியமும் குளுக்கோஸும் உள்ளே போனால் தண்ணீர் பின்தொடரும். ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கி உப்புப் பிசிறி வைத்தால், மறுநாள் ஜாடியில் தண்ணீர் விட்டிருக்கும் இல்லையா? கரைபொருள் அதிகம் உள்ள பக்கம் தண்ணீர் நகரும் என்பதுதான் சவ்வூடு பரவல். குடலிலும் அதுவே நடக்கிறது. செல்களின் ஊடாகவும், அவற்றின் இடுக்குகள் வழியாகவும் தண்ணீர் உடலுக்குள் போகிறது.

காலரா வந்தால் என்ன ஆகிறது? கிருமி நேரடியாகக் குடலைத் தின்பதில்லை. கிருமியை வடிகட்டி நீக்கிவிட்ட வெறும் திரவமே முயலின் குடலில் நீரைக் கொட்டவைக்கிறது என்று கல்கத்தாவில் சம்பு நாத் டே 1959-இல் நிரூபித்தார். கிருமி சுரக்கும் நஞ்சு குடல் செல்லுக்குள் புகுந்து, அணைக்க முடியாத ஒரு சமிக்ஞையை ஏற்றிவிடுகிறது. குளோரைடின் வாசல்கள் திறந்தபடியே நின்றுவிடும். குளோரைடு குடலுக்குள் கொட்டும். மின்னூட்டத்தால் இழுபட்டுச் சோடியமும், அதன் பின்னால் தண்ணீரும் கொட்டும். மணிக்கு ஒரு லிட்டர் வரை இழந்தவர்கள் உண்டு. உப்பை உறிஞ்சும் வழக்கமான வழியும் அப்போது அடைபட்டுவிடுகிறது. அதனால் வெறும் உப்புத் தண்ணீர் குடித்துப் பயனில்லை, குடித்தது அப்படியே வெளியேறும். ஆனால் அந்த ஷேர் ஆட்டோவை மட்டும் நஞ்சு தொடுவதில்லை. காலரா நோயாளியின் குடலிலும் அது ஓடிக்கொண்டேயிருக்கிறது. குளுக்கோஸ் வந்து ஏறினால் போதும். பாக்கெட்டில் குளுக்கோஸ் இருப்பதற்கான காரணம் இதுதான்.

1953-லேயே கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திர நாத் சாட்டர்ஜி உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழி கொடுத்துக் காலரா நோயாளிகளைக் காப்பாற்றி, லான்செட் இதழில் எழுதினார். மருத்துவ உலகம் கண்டுகொள்ளவில்லை. ஏன் வேலை செய்கிறது என்ற விளக்கம் அவர் கையில் இல்லை. விளக்கம் வந்தபின், 1968-இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் இருவரும் முறையாகச் சோதித்தார்கள். வாயால் குடித்தவர்களுக்கு ஊசி வழி ஏற்ற வேண்டிய திரவம் 80 விழுக்காடு குறைந்தது.

மூன்று ஆண்டுகளில் பெரிய சோதனை வந்தது. 1971, வங்கதேசப் போர். எல்லையோர போங்காவ் முகாமில் அகதிகளிடையே காலரா. ஏற்றுவதற்கு வைத்திருந்த சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மகாலனாபிஸ் என்ற மருத்துவர் குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா மூன்றையும் லிட்டருக்கு இவ்வளவு என்று அளந்து பைகளில் கட்டவைத்தார். கரைத்துப் பீப்பாய்களில் வைத்தார். தாயும் அண்ணனும் தங்கையும் குவளையில் வாங்கி நோயாளிக்குப் புகட்டினார்கள். அப்படிப் புகட்டுவதற்கு நர்ஸ் வேண்டியிருக்கவில்லை, ஊசியும் வேண்டியிருக்கவில்லை. அந்தச் சூழலில் நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த நோயில் இறப்பு 3.6 விழுக்காடாக இறங்கியது. மகாலனாபிஸ் 2022-இல் காலமானார். அரசு பத்ம விபூஷண் அறிவித்தது அவர் போன பிறகு, 2023-இல். கொஞ்சம் முந்தியே கொடுத்திருக்கலாம்.

அளவு முக்கியம் என்பதையும் அதே வேதியியல்தான் சொல்கிறது. பழைய உலகச் சுகாதார நிறுவனக் கலவையில் குளுக்கோஸ் அதிகம். கரைபொருள் செறிவு 311 அலகு. இரத்தத்தின் செறிவு 290-ஐ ஒட்டியது. 2002-இல் செறிவை 245-ஆகக் குறைத்து, குளுக்கோஸையும் சோடியத்தையும் சம எண்ணிக்கையில் வைத்தார்கள். குழந்தைகளுக்கு வாந்தி குறைந்தது. ஊசி வழி திரவம் ஏற்ற வேண்டிய தேவை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. சர்க்கரை கூடினால் உறிஞ்சப்படாமல் குடலில் மிஞ்சி, உடலில் உள்ள தண்ணீரையே குடலுக்கு இழுக்கும், பேதி கூடும். மாங்காய் ஜாடியில் நடந்ததேதான் இங்கேயும் நடக்கிறது.

மற்ற இரண்டு பொருள்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேதியில் பொட்டாசியமும் போகிறது, அதை ஈடுகட்டப் பொட்டாசியம் குளோரைடு. பைகார்பனேட்டும் போவதால் இரத்தம் அமிலப் பக்கம் சாயும். சிட்ரேட் உடலுக்குள் போய்ப் பைகார்பனேட்டாக மாறி அதைச் சரிசெய்கிறது. முன்பு சமையல் சோடாவையே போட்டார்கள். நம் நாட்டைப் போன்ற புழுக்கமான நாடுகளில் அது குளுக்கோஸோடு வினைபுரிந்து பாக்கெட் பழுப்பேறிக் கெட்டது.

நம் வீடுகளில் உப்புப் போட்ட கஞ்சி கொடுப்பதும் இதே வழியில் பயன் தருகிறது. அரிசி மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைகிறது. அதற்காகப் பாட்டிகளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று நான் சொல்லமாட்டேன். பேதியாகும் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று தடுத்ததும் அதே பாட்டிகள்தான்.

ஆகவே நேயர்களே, வயிற்றுப்போக்கு என்றால் முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரையுங்கள். பாதியைப் போட்டு டம்ளரில் கலக்காதீர்கள். ருசிக்குச் சர்க்கரையோ பழச்சாறோ சேர்க்காதீர்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலை தட்டிய அளவு. சர்க்கரையைக் குடல் குளுக்கோஸாக உடைத்துக்கொள்ளும். குழந்தைக்குத் துத்தநாக மாத்திரையையும் சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்குங்கள். கண் குழிந்தாலோ, குழந்தை துவண்டு குடிக்க முடியாமல் போனாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கடையில் வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்தைத் தாங்கி, உள்ளே சர்க்கரை கூடிய பழப்பானங்கள் நம் நாட்டில் வெகுகாலம் விற்றன. 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அந்தப் பெயரைப் பானங்களில் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. என்றாலும் முன்பக்கப் படத்தை நம்பாதீர்கள். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6 கிராம் என்று இருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் வேறு கேளுங்கள்.