வக்கீலை நாடுமுன்

(நம் சங்கத்தின் ஓசூர்க் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துச் சீவிக்கும் தமிழ்ப் பண்டிதன் ஒருவன் வக்கீலைப் பற்றிப் பேச வந்த காரணம் யாதென்று உங்களிற் சிலர் ஐயுறலாம். யான் சட்டம் கற்றவனல்லேன். அதனை அறியாமையால் ஒரு குடும்பம் எவ்வாறு கெடும் என்பதைக் கண்ணாரக் கண்டவன். அந்த ஒரு தகுதி பற்றியே ஈண்டு நிற்கின்றேன்.

என் சிறிய தந்தையாருக்கு ஓசூருக்குக் கிழக்கே இரண்டு ஏக்கர் புன்செய் இருந்தது. பங்காளி ஒருவர் அதன்மேல் தாவாத் தொடுத்தார். கோர்ட்டு அழைப்பாணையைக் கையொப்பமிட்டு வாங்கிய சிறிய தந்தையார், அதைப் பரணிற் செருகிவிட்டு, "நிலம் நம்முடையது, காகிதம் என்ன செய்யும்?" என்றார். அடுத்த மாதமே என் சிற்றன்னையார் நோய்வாய்ப்பட, பெங்களூர் ஆஸ்பத்திரியில் பல வாரம் உடனிருக்க நேர்ந்தது. இதற்கிடையில் ஒருதலைத் தீர்ப்பு ஆகிவிட்டது. பின்பு ஒரு வக்கீலிடம் ஓடினோம். "அழைப்பாணை எப்பொழுது கைக்கு வந்தது?" என்று அவர் வினவ, "வரவேயில்லை" என்றார் சிறிய தந்தையார். உண்மை அறிந்த யான் பக்கத்தில் இருந்தும் வாய் திறந்தேனில்லை. வக்கீலும் அவ்வாறே பிரமாணம் எழுதினார். எதிர்தரப்பார் கையொப்பத்தைக் காட்டினர், மனு தள்ளுண்டது, நிலமும் போயிற்று.

ஒருதலைத் தீர்ப்பை நீக்கக் கோருவதற்கு 30 நாள் தவணை உண்டு. வராமைக்குத் தக்க காரணம் காட்டல் வேண்டும். மனைவியின் நோய் அத்தகைய காரணமாக ஏற்கப்பட்டிருக்கலாம். மெய்யைச் சொல்லியிருப்பின் வாதாட ஓர் இடம் இருந்தது. பொய் அவ்விடத்தையும் அடைத்தது. அப்பொய்யைச் சொன்னதும் எதிரியிடத்தன்று, நமக்காகப் பேச வந்தவரிடத்தே! என் மௌனமும் அதற்குத் துணைபோயிற்று. அந்தக் கடனைத் தீர்க்கவே இன்று பேசுகின்றேன்.

இந்நாட்டில் நிலத்தைப் பற்றிய ஆவணங்கள் நெடுங்காலத்தன. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாராமகால் 1792-ல் கும்பினியார் வசமானபின், ரீடு என்பாரும், அவர்கீழ் மன்றோவும் நிலமளந்து குடிகளுக்குத் தீர்வை விதித்தனர். இரயத்துவாரி முறை வேரூன்றிய பூமி இது. பின்னர் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது, ஆலைகள் பெருகின, சோளமும் கேழ்வரகும் விளைந்த மேட்டு நிலம் மனைக்கட்டாயிற்று. விலை ஏறிய இடத்தில் வழக்கும் ஏறுதல் இயல்பன்றோ?

ஆதலின் வக்கீலைத் தெரிந்தெடுக்கும் முறையை முதற்கண் நோக்குவோம். வக்கீலாவார் 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டப்படி பார் கவுன்சிலிற் பதிவு பெற்றவர். அவர் விளம்பரம் செய்து கட்சிக்காரரைத் தேடுதல் விதிக்கு மாறு. வென்றால் இத்தனை பங்கு என்று பேசிக்கொள்ளுதலும் மாறு. ஆகவே கோர்ட்டு வாசலில் தோளைத் தட்டி அழைக்கும் தரகனையும், வெற்றி நிச்சயம் என்று வாக்களிப்பவரையும் விலக்குக. நம்மவர் என்ற ஒன்றையே கருதி ஒருவரை அமர்த்துதலும் தகாது. இதை நம் சங்க மேடையிலேயே துணிந்து சொல்கின்றேன். கால் முறிந்தவன் எலும்பு வைத்தியரை நாடுவானேயன்றி, வைத்தியரின் குலத்தை வினவுவானோ? நில வழக்கில் பழகியவரா, கிரிமினல் வழக்கில் பழகியவரா, எதிர்தரப்பாருக்கு முன்பு ஆஜரானவரா என்பனவே கேட்கத் தக்கன.

எல்லைப்புறத்தாராகிய நமக்கு மற்றொன்றும் உண்டு. நிலம் எங்குளதோ அங்குள்ள கோர்ட்டிலேயே நில வழக்குத் தொடர வேண்டும் என்பது சிவில் நடைமுறைச் சட்டம். சூளகிரி நிலத்துக்கு இப்புறத்துக் கோர்ட்டு. ஆனேக்கல் நிலத்துக்குக் கர்நாடகத்துக் கோர்ட்டு. குடியிருப்பு ஓசூராயினும், நிலம் அப்புறமாயின் அவ்விடத்து வக்கீலே வேண்டும். கன்னடத்திலும் தெலுங்கிலும் உள்ள பழம்பத்திரங்களை முன்னதாகவே மொழிபெயர்த்து வைத்தல் நலம்.

இனி முதற்சந்திப்புக்கு ஆயத்தமாகும் வகை. திருவள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என நான்காகப் பகுத்தார். வழக்கிலும் கட்சிக்காரன், வக்கீல், ஆவணம், சாட்சி என நான்கு உண்டு. முதல்வன் நோயை மறைத்தால் ஏனை மூன்றும் பயனில.

நடந்தவற்றை ஆண்டு, மாதம், தேதி வரிசையில் ஒரே தாளில் எழுதுக. கோபமும் வசவும் அதில் வேண்டா. வம்சாவளி எழுதும்போது பெண்மக்கள் பெயரை விடாதீர். 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனோடொத்த பிறப்புரிமை உண்டென்பதை உச்ச நீதிமன்றம் 2020-ல் உறுதி செய்தது. தங்கையை மறைத்து எழுதிய வம்சாவளி பின்னொரு நாள் வழக்கையே கவிழ்க்கும்.

மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, அளவைப் படம், வரி ரசீது ஆகியவற்றை ஒரு கட்டாக்குக. பட்டா ஒன்றே பாத்தியதையை நிலைநாட்டாது. பத்திரத் தொடர்ச்சியும் வேண்டும். முதலிற் படிகளைக் கொடுத்து, அசலைக் காட்டித் திரும்பப் பெறுக. அசலை ஒப்படைக்க நேரின் ரசீது பெறுக. கைப்பேசியில் வந்த செய்திகளை, நமக்குப் பாதகமாயினும், அழிக்கற்க. அழைப்பாணையோ நோட்டீசோ வந்திருப்பின் அதன் உறையோடு கொண்டு செல்க. பிரதிவாதி எதிருரை தாக்கல் செய்யப் பொதுவில் 30 நாளே தவணை. நாளெண்ணுதலே வக்கீலின் முதல் வேலை.

வக்கீலிடம் வெட்கமின்றி வினவத்தக்கன சில உள. எங்கள் பக்கத்துப் பலவீனம் யாது? கோர்ட்டுக் கட்டணம் எவ்வளவு? தங்கள் பீசு எவ்வளவு, எந்தெந்தத் தவணையில்? சமரசத்துக்கு வழியுண்டா? இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்க. வக்காலத்தைப் படித்தபின் ஒப்பமிடுக. வெற்றுத்தாளில் யார் கேட்பினும் ஒப்பமிடாதீர். நடந்து முடிந்ததைப் பற்றி நீங்கள் வக்கீலிடம் சொல்லும் இரகசியத்தை உங்கள் சம்மதமின்றி அவர் வெளியிடலாகாது என்பது சட்டத்தின் காப்பு. இனிச் செய்யக் கருதிய குற்றத்துக்கு அக்காப்பு இல்லை.

"பொருளில்லாதவன் என் செய்வான்?" எனின், 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் உண்டு. பெண்கள், குழந்தைகள், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், ஆலைத் தொழிலாளர், காவலில் இருப்போர் ஆகியோர் வருமானம் பாராது இலவச வக்கீல் உதவி கேட்கலாம். கிருஷ்ணகிரி மாவட்ட நீதிமன்றத்தில் விசாரிக்கலாம். 15100 என்ற எண்ணிலும் பேசலாம். மக்கள் நீதிமன்றத்தில் இசைந்து முடித்த வழக்குக்கு மேல்முறையீடு இல்லை. செலுத்திய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிட்டும்.

சகோதரர்களே! இன்றிரவு வீடு சென்றதும் பரணைப் பாருங்கள். செருகி வைத்த காகிதம் ஏதேனும் உண்டா? உளதாயின் நாளைக் காலையே எடுத்துப் புறப்படுங்கள். படிக்கத் தெரியாத முதியவர் இருப்பின், பள்ளிக்கூடம் விட்டபின் என் வீட்டுத் திண்ணைக்கு வரட்டும். நடந்ததை முறையாக எழுதித் தருவேன். ஆனால் ஒரு நிபந்தனை: மெய்யை மாத்திரமே எழுதுவேன்.

என் சிறிய தந்தையார் இன்றில்லை. அவர் நிலத்தின் வழியே நாள்தோறும் பள்ளிக்குச் செல்கின்றேன். அங்கே இப்பொழுது பிறர் மதில் நிற்கின்றது. அம்மதிலைக் காணுந்தோறும், அன்று யான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாகாதா என்றே நெஞ்சு சுடுகின்றது. அச்சூடு உங்களில் எவர்க்கும் வாராதிருப்பதாக.