உணவுக் காப்பில் இயற்கைப் பொருட்கள்

உணவை விளைவிப்பதோடு நாட்டின் கடமை முடிவதில்லை. விளைந்த உணவு நுண்ணுயிர்களுக்கும் பூஞ்சணங்களுக்கும் இரையாகாமல் மக்களைச் சென்றடைய வேண்டும். இப்பணியில் கடுகு, பூண்டு, இலவங்கம் போன்ற இயற்கைப் பொருட்களுக்கு உள்ள ஆற்றலையும், அவ்வாற்றலின் எல்லையையும் ஒருங்கே அறிதல் இன்றியமையாதது.

இவ்விரண்டையும் விளக்க ஐதராபாத் நகரம் தக்க இடமாகும். கோடைதோறும் அந்நகர இல்லங்களில் ஆவக்காய் ஊறுகாய் போடப்படுகிறது. ஈரம் துடைத்த மாங்காய்த் துண்டுகளுடன் உப்பு, மிளகாய்த்தூள், வறுக்காத கடுகின் பொடி, நல்லெண்ணெய் ஆகியவை சேர்க்கப்படுகின்றன. கடுகுப் பொடியில் ஈரம் பட்டதும் அதிலுள்ள நொதி ஒன்று செயற்பட்டு, அல்லைல் ஐசோதயோசயனேட் என்னும் காரமான சேர்மத்தைத் தோற்றுவிக்கிறது. பாக்டீரியாக்களையும் பூஞ்சணங்களையும் அடக்க வல்லது இது. கடுகை வறுத்தால் நொதி சிதைந்து இப்பயன் குன்றிவிடும். நசுக்கிய பூண்டில் தோன்றும் அல்லிசினும், இலவங்கத்தில் உள்ள யூஜெனாலும் இத்தகைய ஆற்றல் வாய்ந்தவையே.

ஆயினும், ஆவக்காய் ஓராண்டு கெடாதிருப்பதற்குக் கடுகு மட்டுமே காரணமன்று. மாங்காயின் புளிப்பும் உப்பின் செறிவும் முதற்காவல், கடுகு துணைக்காவல். இவ்வேறுபாட்டை மறப்பதால் விளையும் தீங்கைக் கனடாவின் வான்கூவர் நகரில் 1985-இல் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி காட்டுகிறது. எண்ணெயிலிட்டுப் புட்டியில் அடைக்கப்பட்ட பூண்டை உணவகம் ஒன்றில் உண்ட 36 பேர் பாட்டுலிசம் என்னும் கொடிய நச்சு நோய்க்கு ஆளாயினர். அப்பூண்டில் போதிய புளிப்பில்லை. அது குளிரிலும் வைக்கப்படவில்லை. காற்றுப் புகாத எண்ணெயில் கிருமி வளர்ந்து நஞ்சைச் சுரந்தது.

இந்தியாவிலும் துயரம் மிக்க படிப்பினை ஒன்று உண்டு. 1974-ஆம் ஆண்டின் இறுதியில் இராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் எல்லைப்புற மாவட்டங்களில் 150-க்கும் மேற்பட்ட சிற்றூர்களில் மஞ்சட்காமாலை கண்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மக்காச்சோளத்தையே முதன்மை உணவாகக் கொண்ட பழங்குடியினரே பெரிதும் பாதிக்கப்பட்டனர். குன்னூரில் 1918-இல் தோன்றிப் பின்னர் ஐதராபாத்திற்கு மாற்றப்பட்ட தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதன் காரணத்தைக் கண்டறிந்தனர். பருவம் தவறிய மழையில் நனைந்த மக்காச்சோளத்தில் பூஞ்சணம் படர்ந்து, கல்லீரலைத் தாக்கும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கியிருந்தது.

இலவங்க எண்ணெய் இப்பூஞ்சணத்தின் வளர்ச்சியைத் தடுப்பதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆனால், நஞ்சு ஒருமுறை தோன்றிவிட்டால் சமையலின் வெப்பம் அதனை முற்றிலும் அழிப்பதில்லை. மசாலைப் பொருட்களும் அதனை நீக்குவதில்லை. மணத்தால் மறைக்கப்பட்ட பூசணம் பிடித்த தானியம், மறைக்கப்படாததைவிட ஆபத்தானது. ஆகவே, அறுவடையை விரைந்து உலர்த்துவதே முதல் மருந்து. ஐதராபாத்தை அடுத்த பட்டான்சேருவில் 1972-இல் நிறுவப்பட்ட இக்ரிசாட் நிறுவனம் நிலக்கடலையில் இந்நஞ்சைக் குறைக்கும் வழிகளை ஆராய்ந்து வந்துள்ளது. கடலையின் ஈரம் ஏறத்தாழ 8 விழுக்காட்டிற்குக் குறையுமாறு உலர்த்துதல், சுருங்கியதும் நிறம் மாறியதுமான பருப்புகளைப் பொறுக்கி நீக்குதல் ஆகியன உழவர் கைக்கொள்ளத்தக்க எளிய முறைகளாகும்.

மழைக்காலத்தில் ஏழை உழவர் ஒருவர் தம் விளைச்சலை உலர்த்த இடமின்றித் தவிக்கும்போது, அவரிடம் இலவங்கத்தின் பெருமையை எடுத்துரைப்பதால் பயனில்லை. ஊர்தோறும் உலர்களமும், மழைக்கு மூடும் விரிப்பும், ஈரம் புகாத சேமிப்பிடமும் அமைய வேண்டும். ஊறுகாய்த் தொழில் நடத்தும் மகளிர் குழுக்களுக்குப் புளிப்பையும் உப்பையும் அளந்தறியும் பயிற்சி கிட்ட வேண்டும். அவ்வடித்தளத்தின் மீதே இயற்கைப் பொருட்களின் ஆற்றல் முழுப்பயன் தரும்.