சமோசாவைத் தடுத்தது எந்தச் சட்டம்?

  

அமெரிக்காவில் குடியேறிய நமதூர்ச் சகோதரர் ஒருவர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவருடைய பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் மாலை விழா. நம் பெண்கள் சமோசாவும் வட்டிலப்பமும் செய்து விற்று, வசூலைப் பள்ளி நூலகத்துக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. முதல் நாள் தகவல் வருகிறது: 'வீட்டில் செய்த பண்டம் கூடாது. ஆரோக்கியக் கொள்கை!' நம்மை ஒதுக்குகிறார்கள் ஹஜ்ரத் என்று மனம் நொந்து எழுதியிருந்தார்.

ஆத்திரப்படுவதற்கு முன் சட்டத்தைப் பார்க்க வேண்டாமா?

அரசின் மதிய உணவுத் திட்டத்தில் சேர்ந்த பள்ளி நிர்வாகங்கள் எல்லாம் ஆரோக்கியக் கொள்கை வகுக்க வேண்டும் என்று அங்கே 2004-ல் சட்டம் வந்தது. 2010-ல் அதை இறுக்கினார்கள். 2014 ஜூலை முதல், பள்ளி நேரத்தில் மாணவருக்கு விற்கும் தின்பண்டம் 200 கலோரியைத் தாண்டக் கூடாது. எடையில் 35 சதவீதத்துக்கு மேல் சர்க்கரை கூடாது. இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? நம் வட்டிலப்பம் மட்டும் வைத்தியர் மெச்சும் பண்டமா என்ன!

வியாபாரிகளே, விற்பது வேறு, கொடுப்பது வேறு என்பது உங்களுக்குத் தெரியாததா? அந்த அளவுகள் விற்பனைக்கு மட்டும்தான். வகுப்பில் இலவசமாகக் கொடுக்கும் பிறந்தநாள் பண்டத்துக்கு மத்திய அரசு அளவு வைக்கவில்லை. அந்தந்தப் பள்ளி நிர்வாகமே விதி செய்துகொள்ளச் சொல்லிவிட்டது. நேரமும் உண்டு. பள்ளி நாள் என்பது முந்திய நள்ளிரவில் தொடங்கி, கடைசி மணி அடித்து 30 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

அப்படியானால் மாலை விழாச் சமோசாவைத் தடுத்தது யார்? வாஷிங்டன் அல்ல. அந்த வட்டாரப் பள்ளி நிர்வாகம் தானாகச் சேர்த்துக்கொண்ட விதி. மத்திய சட்டத்துக்கு மேல் கட்டுப்பாடு வைக்க அதற்கு அதிகாரம் உண்டு. சில பிள்ளைகளுக்கு வேர்க்கடலை தின்றாலே மூச்சு முட்டும். அதனால் உட்பொருள் அச்சிட்ட கடைப் பொட்டலம்தான் வேண்டும் என்று பல இடங்களில் கேட்கிறார்கள். அந்த அச்சு நமக்கும் உதவுகிறது. மிட்டாயில் ஜெலட்டின் இருக்கிறதா என்று நம் பிள்ளை படித்துத் தெரிந்துகொள்ளலாமே! பேரீச்சம்பழத்துக்கோ தடையே குறைவு. சர்க்கரை சேர்க்காத உலர்பழத்துக்கு அந்த 35 சதவீத வரம்பு கிடையாது.

இன்னொன்றைக் கேளுங்கள். இந்தக் கொள்கையை எழுதும்போதும் திருத்தும்போதும் பெற்றோர் பங்கெடுக்க இடம் தர வேண்டும் என்று அதே 2010 சட்டம் சொல்கிறது. மூன்று ஆண்டுக்கு ஒரு முறையாவது அது எப்படி நடக்கிறது என்று மதிப்பிட்டு, மக்களுக்கு வெளியிட வேண்டும். சகோதரருக்குப் பதில் எழுதினேன்: 'உங்கள் பள்ளியின் கொள்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அதை எழுதிய கூட்டத்துக்கு நம்மில் யார் போனார்கள்?'

மறு கடிதம் வந்தது. யாரும் போகவில்லையாம். அடுத்த கூட்டத்துக்கு அவருடைய மனைவியும் இன்னும் இரண்டு தாய்மார்களும் போகிறார்களாம்.