ஒட்டகத்தை முதலில் கட்டுங்கள்

(மேலூர் வட்டாரத்தில் புதிதாக டிராக்டர் வாங்கிய சகோதரர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வளைகுடாவில் பல்லாண்டுகள் வியர்வை சிந்திவிட்டு ஊர் திரும்பும் நம்மவர்கள் சிலர் டிராக்டர் வாங்குகிறார்கள். ஹலாலான தொழில். பெரியாறு கால்வாய் பாயும் மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் சேற்றுழவு. திருமங்கலம் கரிசலில் புழுதியுழவு. மற்ற நாட்களில் டிரெய்லரில் செங்கல், வைக்கோல். மகிழ்ச்சிதான். ஆனால் வண்டி வீட்டுக்கு வரும் நாளில் என்ன நடக்கிறது? மாலை போடுகிறீர்கள், தாயத்துக் கட்டுகிறீர்கள். (தாயத்து மார்க்கத்தில் உண்டா என்பதை இன்னொரு நாள் பேசுவோம்.) இடது பிரேக்கையும் வலது பிரேக்கையும் இணைக்கும் கொக்கியை மாட்ட மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை!

ஒட்டகத்தைக் கட்டாமலே அல்லாஹ்வை நம்பி விட்டுவிடலாமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். திர்மிதியில் உள்ள இந்தச் செய்தியை எத்தனை ஜும்ஆக்களில் கேட்டிருப்பீர்கள்!

டிராக்டருக்கு ஏன் இரண்டு பிரேக்? வயலில் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் பிடித்துச் சட்டென்று திருப்புவதற்காக. தார்ச்சாலையில் வேகமாக வரும்போது அதே ஒற்றைப் பிரேக்கை மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுத்துக் கவிழும். ஆகவே வயலை விட்டு ஏறியதும் கொக்கியை மாட்டுங்கள்.

அடுத்தது, பின்பக்கமாகக் கவிழ்வது. சேற்றிலிருந்து வரப்பில் ஏறும்போது முன்சக்கரம் தூக்குகிறது. முழுதாகக் கவிழ ஒன்றரை விநாடி போதும். கிளட்ச்சில் கால் போவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். வரப்பை வெட்டிச் சரிவாக்கிக் கொள்ளுங்கள், இல்லையேல் பின்னோக்கி ஏற்றுங்கள். சேற்றில் சிக்கினால் சக்கரத்தோடு கட்டையைச் சேர்த்துக் கட்டுகிறார்களே, அது தற்கொலைக்குச் சமம். சக்கரம் சுழல முடியாதபோது வண்டியே சக்கரத்தைச் சுற்றி மேலெழும். இழுவைச் சங்கிலியை எப்போதும் கீழே உள்ள இழுவைக் கம்பியில்தான் மாட்ட வேண்டும். ஸ்வீடன் நாடு 1959-லேயே புதிய டிராக்டர்களுக்குக் கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கிச் சாவுகளைப் பெருமளவு குறைத்தது. வாங்கும்போது அதைக் கேளுங்கள். சட்டகம் இருந்தால் இருக்கைப் பட்டையும் அணிய வேண்டும்.

பின்னால் சுழலும் தண்டு நிமிடத்திற்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு ஒன்பது. கைலி நுனி சிக்கினால் ஆளை விடாது. மூடியைக் கழற்றிப் போடாதீர்கள். எஞ்சினை நிறுத்தாமல் அருகே போகாதீர்கள்.

இனி என் மனத்தை உறுத்துவதைச் சொல்கிறேன். டிரெய்லரில் ஆள் ஏற்றுவது. 2018 ஜூனில் தெலங்கானாவின் யாதாத்ரி மாவட்டத்தில் கூலிப் பெண்களை ஏற்றிச் சென்ற டிராக்டர் மூசி கால்வாயில் விழுந்து 15 பேர் மாண்டார்கள். 2025 ஏப்ரலில் மராட்டியத்தின் நாந்தேடில் கிணற்றில் விழுந்து ஏழு பெண்கள் போனார்கள். நம் பக்கத்துக் கால்வாய்க் கரைகளையும், சுற்றுச்சுவர் இல்லாத கமலைக் கிணறுகளையும் நினைத்துப் பாருங்கள். நடவுக்கு வரும் அந்தத் தாய்மார்கள் எந்தச் சமுதாயத்தவராயினும் உங்கள் அமானிதம் அல்லவா?

சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிச் செல்பவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்பீடு உங்கள் தலையில் விழும். அதைக் கட்டி முடித்தாலும் கணக்குத் தீராது. தவறுதலாக உயிர் போனாலும் வாரிசுகளுக்குத் தியத்தும், அதற்கு மேல் இரண்டு மாதத் தொடர் நோன்பும் சட்டமாக இருக்கிறது. டிரைவர் ஓட்டினார், நான் ஓட்டவில்லை என்று ஒதுங்க எண்ணாதீர்கள். தவணை கட்டுவதற்காகத் தூக்கமில்லாமல் இரவும் பகலும் அவரை விரட்டியது யார்? வட்டிக்கு வாங்கிய வண்டி முதலில் தின்பது அந்தத் தூக்கத்தைத்தான்.

மட்கார்டில் பிள்ளைகளை உட்கார வைப்பதை இன்றோடு விடுங்கள். டிரெய்லரின் பின்புறம் சிவப்பு ஒளிர்பட்டை ஒட்டாமல் மாலைக்குப் பிறகு நான்கு வழிச் சாலையில் ஏறாதீர்கள். ஜமாஅத் நிர்வாகிகள் தங்கள் மஹல்லாவில் உள்ள வண்டிகளை அடுத்த ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் திடலுக்கு வரவழைத்து, கொக்கி, மூடி, ஒளிர்பட்டை மூன்றையும் ஒரு மெக்கானிக்கைக் கொண்டு பார்த்துவிடுங்கள்.