மொரப்பூரில் பிரிந்த பாதை



தகடூர் என்றவுடன் அதியமானும் ஔவையும் நெல்லிக்கனியும் நினைவில் எழுவது இயல்பு. அத்தகடூராகிய தருமபுரியின் பசியோடும் பயணத்தோடும் பிணைந்த சிற்றூர் நிலையம் ஒன்றுண்டு, அது மொரப்பூர்.

1856-இல் ராயபுரத்தில் தொடங்கிய இருப்புப்பாதை, 1862-க்குள் சேலம் கடந்து மேற்குக் கடற்கரையை எட்டியது. தருமபுரியை அது தொடவில்லை. கிழக்கே ஒதுங்கி மொரப்பூர் வழியே சென்றது. அந்த ஒதுக்கத்தின் விலையைத் தாது வருடப் பஞ்சம் காட்டிற்று. 1876 முதல் 1878 வரை அன்றைய சேலம் மாவட்டம் வாடியபோது, புகைவண்டி எட்டாத ஊர்களுக்குத் தானியம் மாட்டுவண்டியில்தான் வரவேண்டும். புல்லும் நீரும் இல்லாத வறட்சியில் மாடுகள் எப்படி இழுக்கும்? பஞ்சக் காலத்தில் உணவைக் கொண்டு சேர்க்க இருப்புப்பாதை வேண்டும் என்ற எண்ணம் அதன்பின்னரே அரசிடம் வலுப்பெற்றது.

அவ்வாறு பிறந்ததே மொரப்பூர்–தருமபுரி சிறுபாதை. 1906-இல் திறக்கப்பட்டது. தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடிதான். 1913-இல் அது பாலக்கோடு வழியாக ஓசூர் வரை நீண்டது. மொரப்பூர் சந்திப்பு நிலையமாயிற்று. பெரிய வண்டியின் பெட்டிகள் சிறுபாதையில் ஏற முடியாது. ஆதலால் ஒவ்வொரு மூட்டையும் அங்கே மனிதத் தோள்களில்தான் மாறியாக வேண்டும். அரசு ஏடுகள் மைல்களை எண்ணும், தோள்களை எண்ணுவதில்லை.

1941-இல், இரண்டாம் உலகப்போரின் நடுவே, அப்பாதை மூடப்பட்டுத் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. பசிக்கென இட்ட இரும்பு, போர்க்காலத்தில் போயிற்று. மொரப்பூர் மீண்டும் வழிநிலையமானது. 1960களின் இறுதியில் சேலம்–பெங்களூர்ப் பாதை தருமபுரிக்குப் புதிய நிலையம் தந்தது. 1990களில் அது அகலப்பாதையுமாயிற்று. ஆயினும் சென்னை செல்ல விரும்பிய தருமபுரியார் பேருந்தேறி மொரப்பூருக்கே வந்தனர். மாவட்டத் தலைநகரின் மக்கள் தலைநகருக்குச் செல்ல ஒரு சிற்றூரின் நடைமேடையில் காத்திருந்தார்கள் என்பது வேடிக்கையன்று.

இழந்த இணைப்பை மீட்கும் கோரிக்கை பல்லாண்டு ஒலித்தபின், 2019 மார்ச்சில் புதிய பாதைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நீளம் 36 கிலோமீட்டர். அடிக்கல்லுக்குப் பின்னும் நில எடுப்பு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. பாதை போகும் நிலமும் யாரோ ஒருவரின் கழனியே. அவருக்கு உரிய விலை கிடைப்பதும், ஊருக்கு வண்டி வருவதும் ஒரே கோப்பில் காத்திருந்தன. கோப்பு நகர்ந்த வேகத்தில், அன்றைய சிறுபாதை வண்டியே விரைவு வண்டி எனலாம். அதுவரை, சென்னை வண்டிக்குப் போவோர் பெட்டியும் பிள்ளையுமாகப் பேருந்தில் மொரப்பூருக்கு வந்து இறங்கினார்கள்.