மனப்புண்ணும் தியானமும்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் தியானத்திற்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அடியும் இழிவும் பட்ட பெண் விரிக்கும் புத்தகத்தில் எழுத்து நிலைப்பதில்லை. ஆகவே இதுவும் கல்வியின் பாற்பட்டதே.

1956-இல் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் தழுவிய பௌத்தத்தில், பிக்குணிகள் பாடிய தேரிகாதை என்னும் நூல் உண்டு. அவர்களுள் ஒருவரான படாசாரா கணவனையும் இரு மக்களையும் பெற்றோரையும் அடுத்தடுத்து இழந்து, சித்தம் கலங்கி, ஆடை நழுவியதும் அறியாது திரிந்தார். ஊரார் குப்பையை வாரி எறிந்தனர் என்கிறது பழைய உரை. புத்தரோ அவரைச் சகோதரி என விளித்தார். நினைவு மீளுமாறு கூறினார். அருகிருந்தவர் ஒருவர் தம் மேலாடையைத் தந்தார். உபதேசம் அதன் பின்னரே! பிற்காலத்தில் அவருக்குத் தெளிவு தொடங்கியதும் கண்மூடிய வேளையில் அன்று. கால் கழுவிய நீர் ஓடுவதை நோக்கியிருந்த வேளையில்.

இன்றைய உளமருத்துவமும் இவ்வெச்சரிக்கையைக் கற்றுள்ளது. வன்முறைக்கு ஆளானவளைக் கண்மூடி அசையாது அமர்த்தினால், மறக்க முயன்ற காட்சிகளே திரண்டு வரக்கூடும். மூச்சைக் கவனிப்பதே சிலருக்குத் திணறலாகும். அத்தகையோர் கண் திறந்திருக்கலாம். தரையில் பதிந்த பாதத்தையோ செவியில் விழும் ஒலியையோ கவனிக்கலாம். வேண்டாமெனில் எழுந்து செல்லலாம். தேர்வு அவளுடையதாதல் வேண்டும். அவளிடமிருந்து பறிக்கப்பட்டது அதுவே அன்றோ?

தியானத்திற்கு நெருங்கிய யோகப் பயிற்சி பற்றி அமெரிக்காவில் 64 பெண்களிடம் நடந்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. வாரம் ஒரு மணி நேரமாகப் பத்து வாரம் பயின்றோருள் 52 விழுக்காட்டினர் அந்நோயின் வரையறையினின்று நீங்கினர். பயிலாத மற்றொரு குழுவில் 21 விழுக்காட்டினர். பயன் உண்டு, எல்லோர்க்கும் இல்லை.

அடிப்பவன் அதே வீட்டில் இருக்க, தியானம் செய் என்பது கொடுமை. மனத்தை அடக்கு என்னும் சொல்லை நம் பெண்கள் போதிய அளவு கேட்டுவிட்டனர். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டமும், மருத்துவரும் முன்னே வரட்டும். அதுவே மேலாடை.

நம் சங்கக் கூடத்தில் மாலை வகுப்பு முடிந்தபின் அரைமணி நேரம் இதற்கென ஒதுக்கலாம். பயிற்சி பெற்ற பெண்ணொருவர் நடத்தட்டும். விளக்கு எரியட்டும், கதவு திறந்திருக்கட்டும். வந்தவள் எதற்காக வந்தாள் என்று ஒருவரும் கேட்க வேண்டா.